பூம் கேட் (வாகனத் தடுப்புக் கை): மோட்டார் சைக்கிளைப் பிடிக்காத லூப்புக்கு என்ன வழி?

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓர் உள்ளரங்கம், வெளியேறும் வழி இரண்டு லேன். ஆட்டம் முடிந்து கார்களுக்குப் பின்னால் மோட்டார்கள் ஒட்டிக்கொண்டு வரும்போது சேஃப்டி லூப் (வாகனத்தின் உலோகத்தை உணரத் தரைக்குள் பதித்த கம்பிச் சுருள்) அவற்றை உணர்வதில்லை. தடுப்புக் கை இறங்கிவிடுகிறது, ஹெல்மெட்டில் படுகிறது. ஆள் காயப்படும் விஷயம் இது.

லூப் 2 மீட்டருக்கு 1 மீட்டர், செவ்வகம், 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், 4 சுற்று. கான்கிரீட்டுக்குள் கம்பி வலை மேலாகவே ஓடுகிறது. உணர்திறன் குறைய அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது, லூப்பை டிடெக்டருடன் இணைக்கும் ஃபீடர் கம்பி முறுக்கியே போயிருக்கிறது.

சென்சிடிவிட்டியை ஏற்றினேன்: பக்கத்து லேனில் பஸ் வந்தாலே இந்தக் கை மேலேயே நிற்கிறது. இரண்டு லூப்புக்கும் வேறு வேறு அலைவரிசை வைத்தும் அதே கதை. போட்டோ பீம் (ஒளிக்கற்றை மறைந்தால் உணரும் சென்சார்) மாட்டினால், நடந்து போகும் ரசிகர்கள் அதை மறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், கை இறங்குவதே இல்லை. இப்போதைக்கு ஆள் நிறுத்திக் கையால் இயக்குகிறோம்.

மிச்சம் இரண்டு வழி. தரையை மறுபடி வெட்டி ‘8’ வடிவ லூப் போடலாம், அல்லது ஆட்களைக் கணக்கில் எடுக்காத ரேடார் சென்சார் வைக்கலாம். கம்பி வலை உள்ள தளத்தில், அடைமழையிலும் மோட்டாரைத் தவறாமல் பிடிப்பது இவற்றில் எது?