லிமா, குஸ்கோ போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். வருகிற மே மாதம் நானும் அம்மாவும் பெரு நாட்டுக்கு 12 நாள் போகிறோம். அம்மாவுக்கு 64 வயது. அங்கே மலை மேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவின் படம் போட்ட பழைய காலண்டர் தாள் ஒன்றை அரிசி டிரம்முக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அந்த இடத்தை அவர் நேரில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

லிமாவில் மூன்று நாள், மிராஃபுளோரஸ் பகுதியில் தங்கல். அதுவரை சரி, கவலை அதற்கு அப்புறம் குஸ்கோ போவதில்தான். லிமா கடலோர ஊர். மாச்சு பிச்சுவுக்குப் போக விமானத்தில் இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் அவ்வளவு மேலே போய் இறங்கினால் தலைவலி, மூச்சு வாங்கல் வருமே. அம்மா பிபி மாத்திரை வேறு சாப்பிடுகிறார். அதனால் குஸ்கோவில் தங்காமல், விமான நிலையத்திலிருந்தே காரில் உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாமா? அங்கே 2,900 மீட்டருக்குள்தான். இரண்டு நாள் கழித்து அதே பள்ளத்தாக்கில் உள்ள ஒல்லந்தாய்தம்போ ஊரில் ரயில் ஏறி மாச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ. வயதானவர்களை இப்படி அழைத்துப் போனவர்கள் உண்டா? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். ஆனாலும் போய் வந்தவர் சொன்னால் தைரியம் வரும்.

இன்னொன்று, அம்மா சுத்த சைவம். காய்கறி சூப்பைக்கூட கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வார்களாமே, ஸ்பானிஷில் எப்படிச் சொல்லிக் கேட்டீர்கள்?

தித்திகாக்கா ஏரிக்காக புனோ வரை போகவும் ஆசை. ஆனால் அது 3,800 மீட்டர். விட்டுவிடலாமா?