கணக்கில், காற்றில், உயிரினத்தில் ‘குவிதல்’: ஒரே பொருள்தானா?

கேள்வி:
கன்வெர்ஜென்ஸ் என்ற சொல் கணிதத் தொடர், வானிலை, பரிணாமம் மூன்றிலும் வருகிறது. கலைச்சொல் பட்டியலில் மூன்றுக்கும் ‘குவிதல்’ என்றே போடலாமா? ‘பல ஒன்றில் வந்து சேர்வது’ என்ற விளக்கம் போதுமா?

பதில் 1 (கணிதம்):
சொல் சரி, விளக்கம் சரியில்லை. கணிதத்தில் எதுவும் வந்து சேர வேண்டியதில்லை. ஓர் எல்லையை எவ்வளவு கேட்டாலும் அவ்வளவு நெருங்கி, பிறகு விலகாமல் இருந்தால் போதும். தொடரின் உறுப்புகள் (கூட்டப்படும் எண்கள்) சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக் குவிகிறது என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான தவறு. 1 + 1/2 + 1/3 + … தொடரை, உறுப்பு 0.0001 ஆனதும் நிறுத்தும்படி நிரல் எழுதினால் 9.79 வரும், 0.000001 வரை விட்டால் 14.39. எல்லையே இல்லாத தொடர் அது. குவிகிற தொடரிலும் ஏமாறலாம்: 1 + 1/4 + 1/9 + … நெருங்குவது 1.6449-ஐ. 100 உறுப்போடு நிறுத்தினால் 1.6350தான். கடைசி உறுப்பு 0.0001, பிழையோ ஏறக்குறைய 0.01.

பதில் 2 (வானிலை):
இங்கே நெல் குவிகிற அதே குவிதல்தான்: ஓரிடத்துக்குள் வரும் காற்று, வெளியேறுவதைவிட அதிகம். எதிரெதிர்க் காற்றுகள் மோத வேண்டும் என்பதில்லை. 100 கி.மீ. இடைவெளியில் மேற்கே நொடிக்கு 10 மீட்டர், கிழக்கே 8 மீட்டர் என மேற்கிலிருந்து ஒரே காற்று வீசினாலும், பக்கவாட்டில் விரியாதவரை அது குவிதலே. கணக்கு: 2 ÷ 1,00,000, அதாவது நொடிக்கு 0.00002. தரையையொட்டி 1 கி.மீ. உயரத்துக்கு இது நீடித்தால் அதன் உச்சியில் காற்று நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் மேலேறும். வரைபடத்தில் காற்றுக்கோடுகள் நெருங்குவதை மட்டும் பார்த்துக் குவிதல் என்று குறிக்காதீர்கள். போகப்போக வேகம் கூடினால், நெருக்கமும் வேகமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடலாம்.

பதில் 3 (உயிரியல்):
பரிணாமத்தில் எல்லையும் இல்லை, குவியலும் இல்லை. வெவ்வேறு வழியில் வந்த உயிர்கள், ஒரே வகைத் தேவைக்கு ஒத்த வடிவம் பெறுவதே குவிதல். சுறா மீன், டால்பின் பாலூட்டி; உடல்வாகு ஒன்று. எந்த உறுப்பைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லாவிட்டால் பதில் தவறும். வௌவாலுக்கும் பறவைக்கும், முன்னங்கால் என்று பார்த்தால் அமைப்பொத்த உறுப்பு (ஒரே மூதாதையிடமிருந்து வந்தது). இறக்கை என்று பார்த்தால் செயலொத்த உறுப்பு (தனித்தனியே தோன்றி ஒரே வேலை செய்வது). ஒன்றில் நீண்ட விரல்களுக்கிடையே தோல், மற்றதில் இறகு.

கேட்டவர்:
அப்படியானால் ஒரே சொல்லை வைத்து, கணிதத்துக்கு ‘எல்லையை நெருங்குதல்’, வானிலைக்கு ‘நிகர உள்வரத்து’, உயிரியலுக்கு ‘தனித்தனியே ஒத்த வடிவம் பெறுதல்’ என்று மூன்று விளக்கம் தருகிறேன்.

பதில் 2:
வானிலைக்கு அலகையும் சேர்த்துவிடுங்கள்: ‘நொடிக்கு’.