நாலறை வீட்டு ஹாலுக்கு ஸ்டீரியோ: 3,000 வெள்ளிக்குள் எந்த ஆம்ப்ளிஃபையர், எந்த டவர் ஸ்பீக்கர்?

செங்காங்வாசி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஹால் 5 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம். நீளச் சுவர் ஒன்றில் டிவி, எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. இதுவரை சவுண்ட்பார் ஒன்றை வைத்தே ஓட்டிவிட்டோம்.

அக்கா வீட்டில் இருந்த அப்பா இப்போது எங்களோடு வந்துவிட்டார். காலையில் ஒலி 96.8 வானொலி, சாயங்காலம் கச்சேரி. வந்த வாரமே, "பாட்டு கேக்குது, மிருதங்கம் எங்கப்பா?" என்றார். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அவருக்கு மிருதங்கமும் வீணையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். எனக்கு எண்பதுகளின் படப்பாட்டு, அதிலும் பேஸ் கிடார்.

ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் இரண்டுக்கும் சேர்த்து 3,000 வெள்ளி. ஒரு கடையில் 100 வாட்டுக்குக் குறைந்தால் டவர் ஸ்பீக்கரை (தரையில் நிற்கிற உயரமான பெட்டி) ஓட்டவே முடியாது என்கிறார்கள். உண்மையா? இந்த ஹாலுக்கு டவர் அதிகமா? கீழ்வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்க வேண்டும். பழசு வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பொங்கோல்_காது

3.3 மீட்டர் அகலத்துக்கு டவர் வேண்டாம் என்பேன், பேஸ் (தாழ்ந்த ஒலி) இரையும். நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதாவது சின்னப் பெட்டி, ஒரு ஜோடியை ஸ்டாண்டில் வையுங்கள். பேஸ் போதவில்லை என்றால் பிறகு பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி சேர்த்துக்கொள்ளலாம்.

தொப்பி_நாதம்

தம்பி, நான் மிருதங்கம் வாசிக்கிறவன், புக்கிட் பாத்தோக்கில் உங்கள் ஹால் மாதிரியே ஒரு ஹாலில் ஸ்டீரியோ வைத்திருக்கிறேன். அப்பா கேட்ட கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சவுண்ட்பாரில் அவருக்குக் கேட்பது வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கம் மட்டும். தொப்பியில் (இடப்பக்கத்தில்) ரவை அப்பி வாசிக்கும்போது வருகிற கனம், கும்கி இழுக்கும்போது அந்த நாதம் வளைந்து ஏறுவது, இதெல்லாம் உள்ளங்கை அகல வூஃபரில் (பேஸ் தருகிற ஒலிக்கூம்பில்) வராது. வந்தாலும் "தொம்" என்று தட்டிவிட்டு அடங்கிவிடும். அதனால் டவர் கேட்பதில் தப்பே இல்லை. ஸ்டாண்டில் வைத்த புக்‌ஷெல்ஃபும் தரையில் அதே இடத்தைத்தான் அடைக்கும். பொங்கோல் நண்பர் பயப்படுவது பேஸ் இரைச்சலுக்கு. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதற்குக் காரணம் ஸ்பீக்கரை விட ஹால்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.3 மீட்டர் என்றால் 52 ஹெர்ட்ஸில் ஹாலே சேர்ந்து முழங்கும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அதே கம்பியில் நாலாவது கட்டையை அழுத்தினால் 52. அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் வீடு அதிரும், பக்கத்து ஸ்வரங்கள் சாதாரணமாக இருக்கும். இந்த முழக்கம் அதிகமாகத் தேங்குவது சுவரோரத்தில். உங்கள் சோபா இருப்பது சரியாக அங்கேதான்! சோபாவை 40, 50 சென்டிமீட்டர் முன்னால் இழுங்கள். காசே செலவில்லாமல் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இதுதான். ஹாலை அடைக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். கேட்கிற நேரத்துக்கு மட்டும் இழுத்தாலும் போதும்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமான அமெரிக்க வீட்டுச் சுவர், பேஸில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். நமக்கு நாலு பக்கமும் கான்கிரீட், அதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பாம் ஷெல்ட்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) சுவர் வேறு. பேஸ் உள்ளேயே சுற்றும். அங்கே "பேஸ் கொஞ்சம் மெலிவு" என்று எழுதியிருக்கிற ஸ்பீக்கர் இங்கே கச்சிதமாக இருக்கும். எட்டு அங்குல வூஃபர் வைத்த பெரிய டவரெல்லாம் உங்கள் ஹாலுக்கு வேண்டாம். ஐந்து, ஐந்தேகால் அங்குல வூஃபர் இரண்டு இருக்கிற ஒல்லியான டவர் போதும்.

நான் முதலில் கேட்கச் சொல்வது டாலி ஓபரான் 5. டென்மார்க் நிறுவனம். உயரம் 83 சென்டிமீட்டர்தான், இரண்டு ஐந்தேகால் அங்குல வூஃபர், 6 ஓம், 88 டெசிபெல். கேட்பவரை நோக்கித் திருப்பி வைக்காமல் நேராகவே வைக்கச் சொல்வார்கள், அதனால் சோபாவின் எந்த ஓரத்தில் அப்பா உட்கார்ந்தாலும் குரல் ஒரு பக்கம் சாயாது. ஆனால் பின்பக்கம் ஓட்டை உள்ள எந்த ஸ்பீக்கரையும் சுவரோடு ஒட்டாதீர்கள், ஒரு முழமாவது விடுங்கள். இடமே இல்லை என்றால் அந்த ஓட்டையில் நுரை அடைப்பான் செருகலாம், முழக்கம் குறையும்.

இனி வாட். கடையில் சொன்னதை விடுங்கள். 88 டெசிபெல் என்றால் ஒரு வாட் அளவுக்கு ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம். நீங்கள் உட்காரும் இடம் இரண்டரை மீட்டருக்குள். அங்கே இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு வாட்டிலேயே எண்பது டெசிபெல்லைத் தாண்டும், அதற்குள் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டிவரும். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல். தவில் அடிபோல் திடீரென எழும் உச்சத்துக்கு இடம் விடத்தான் கூடுதல் வாட். மராண்ட்ஸ் பிஎம்6007 ஆம்ப்ளிஃபையர் 8 ஓமில் 45 வாட், உங்கள் ஹாலுக்குத் தாராளம்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு யமஹா ஏ-எஸ்501 தான் என் தேர்வு. 85 வாட்டுக்காக இல்லை, அதில் உள்ள லவுட்னஸ் குமிழுக்காக. சத்தத்தைக் குறைத்தால் நம் காதுக்கு முதலில் மறைவது பேஸ். அந்தக் குமிழ் ஒலியளவைத் தாழ்த்தும்போது பேஸைப் படிப்படியாகத் தக்கவைக்கும். விடிகாலையில் அப்பா மெதுவாக வைத்துக் கேட்டாலும் தொப்பி கேட்கும், கீழ்வீட்டுக்குத் தூக்கம் கெடாது. ஆப்டிகல் உள்ளீடு இருப்பதால் டிவியையும் இணைத்துவிடலாம்.

கீழ்வீட்டுக்காக இன்னொன்று: ஸ்பீக்கருக்கு அடியில் கூர்முனை ஆணிக்குப் பதில் ரப்பர் பாதம் போடுங்கள்.

எதை வாங்கினாலும் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹைஃபை கடைகள் மாடி மாடியாக இருக்கின்றன. கடைக்காரர் போடுகிற ஜாஸை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடச் சொல்லி, முடிப்பில் மூன்று முறை திரும்ப வாசிக்கிற மோராவும் கோர்வையும் வருகிற இடத்தில் ஒவ்வொரு சொல்லும் (அடியும்) பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். குழம்பினால் அடுத்த ஸ்பீக்கருக்குப் போய்விடலாம்.

ஜூரோங்_வயர்மேன்

பழசு பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய பொருள் விற்கிற கரோசல் இணையத்தளத்தில் ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் மலிவாக வரும். பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது, கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய ஸ்பீக்கரில் வூஃபரைச் சுற்றிய வளையம் நுரையா ரப்பரா என்று பாருங்கள். நுரை என்றால் நம்மூர் ஈரப்பதத்தில் பொடிப்பொடியாக உதிரும். விரலால் லேசாகத் தொட்டாலே தெரிந்துவிடும்.

செங்காங்வாசி

தொப்பி நாதம் அண்ணே, ரொம்ப நன்றி. இப்போதே சோபாவை இழுத்துப் பார்த்தோம், நடக்க இடம் இருக்கிறது. சனிக்கிழமை அப்பாவோடு அடெல்ஃபி போகிறேன். ஆம்ப்ளிஃபையரை டிவி அலமாரிக்குள் வைக்கலாமா? ஒயருக்கு எவ்வளவு ஒதுக்க?

தொப்பி_நாதம்

கதவு போட்ட அலமாரிக்குள் வேண்டாம் தம்பி. ஏசி இல்லாத பகலில் ஹாலே 30 டிகிரி, மேல் மூடியின் காற்றுத்துளையை அடைத்தால் உள்ளே வெந்துவிடும். அலமாரி மேல் தட்டில், மேலே ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

ஒயருக்கு அதிகம் போட வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு, ஒரு ஸ்பீக்கருக்கு 5 மீட்டர், அவ்வளவுதான். செம்புப் பூச்சு போட்ட அலுமினிய ஒயரைக் கடையில் உங்கள் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை ஸ்பீக்கரில் போடுங்கள். அப்பா எந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தார் என்று சனிக்கிழமை எழுதுங்கள்.