உபுண்டு டெப் ஃபைல் ஏற மாட்டேங்குது, அவசரம்

கணேஷ்_திருச்சி: டீமக்ஸ் (ஒரே டெர்மினல்ல பல செஷன் ஓட்டுற புரோகிராம்) 3.4 வேணும், உபுண்டு 24.04 டெப் ஃபைலை (இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ்) இறக்கி, டெப்பை ஏத்துற டிபிகேஜில குடுத்தா “அன்நோன் கம்ப்ரஷன், கன்ட்ரோல்.டார்.இசட்எஸ்டி”ன்னு எரர் அடிக்குது, நாளைக்கு காலைல சர்வர் ரெடியா இருக்கணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கப்பா

தேனிக்காரன்: உங்க மெஷின்ல என்ன லினக்ஸ் டிஸ்ட்ரோ (டெபியனா, உபுண்டுவா), எந்த வெர்ஷன்?

ரவுட்டர்_ராசா: டவுன்லோட் பாதில அறுந்திருக்கும், செக்சம் பாருங்க. ஹார்ட் டிஸ்க்கும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

பழைய_பெங்குயின்: டவுன்லோட்ல ஒண்ணும் இல்ல. உபுண்டு 21.10ல இருந்து டெப் எல்லாம் இசட்ஸ்டாண்டர்ட்ங்கிற (இசட்எஸ்டி) முறைல தான் சுருக்குறாங்க, டெபியன் 12க்கு முன்னாடி இருக்கிற டிபிகேஜிக்கு அதைப் பிரிக்கவே தெரியாது, அப்ப இவரோடது டெபியன் 11 இல்லைன்னா அதுக்கும் பழசு. வேற டிஸ்ட்ரோ பேக்கேஜைக் கலக்காதீங்கன்னு டெபியன் விக்கில ஒரு பக்கமே இருக்கு தம்பி, அதைப் படிக்காம சர்வர்ல கை வைக்கக் கூடாது.

கணேஷ்_திருச்சி: ஆமா டெபியன் 11

ஷெல்_வாசி: பிரிச்சு, 11க்குத் தெரிஞ்ச எக்ஸ்இசட் முறைல திருப்பி சுருக்கினா ஏறிடுமே?

தேனிக்காரன்: ஏறாது. அந்த டீமக்ஸ், லிப்ஈவென்ட்-கோர்ங்கிற லைப்ரரி பேர்ல t64 ஒட்டின பேக்கேஜைக் கேக்கும், 11ல அப்படி ஒண்ணே கிடையாது. அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியும் 24.04ல 2.39, உங்ககிட்ட 2.31. வலுக்கட்டாயமா ஏத்தினீங்கன்னா அடுத்த ஆப்ட் அப்கிரேட்ல மாட்டிக்கிட்டு முழிக்கணும்.

மிண்ட்_பிரியா: உபுண்டுவே டெபியன்ல இருந்து எடுக்கிறது தானே, திரும்ப அங்க ஏன் போகாது? நான் மிண்ட்ல உபுண்டு டெப் தான் போடுறேன், ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.

தேனிக்காரன்: மிண்ட் உபுண்டு ரெப்போவையே (பேக்கேஜ் கிடங்கு) நேரா யூஸ் பண்ணுதுங்க, பில்ட் பண்ணி முடிச்ச அதே பைனரி, அதனால ஓடுது. உபுண்டு டெபியன்ல இருந்து எடுக்கிறது சோர்ஸ் கோடை மட்டும், அதைத் தன்னோட கம்பைலர், தன்னோட லைப்ரரி வச்சு லாஞ்ச்பேட்ங்கிற தன்னோட பில்ட் சர்வர்ல புதுசா பில்ட் பண்ணுது. வெர்ஷன் கடைசில பாருங்க, பில்ட்1னு இருந்தா சோர்ஸை மாத்தாம சும்மா மறுபடி பில்ட் பண்ணது, உபுண்டு1னு இருந்தா அவங்க பேட்ச் உள்ள இருக்கு. கணேஷ், நீங்களும் அதையே பண்ணுங்க. ஆப்ட் படிக்கிற ரெப்போ லிஸ்ட்ல டெபியன் 12ஓட டெப்-எஸ்ஆர்சி (சோர்ஸ்) வரியை மட்டும் சேருங்க, டெப் (பைனரி) வரியைத் தொடவே தொடாதீங்க. அப்புறம் ஆப்ட் பில்ட்-டெப், ஆப்ட் சோர்ஸ், டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்னு வரிசையா குடுங்க. டீமக்ஸ் 3.4 இல்ல, 3.3ஏ கிடைக்கும். சேஞ்ச்லாக்ல வெர்ஷன் பின்னாடி ~பிபிஓ11+1 போட்டுடுங்க, அந்த ~ இருந்தா உங்க வெர்ஷன் கீழ இருக்கிறதா கணக்காகும், அதனால 12க்கு மாறும்போது அதிகாரப்பூர்வ பேக்கேஜ் தானா மேல வந்து உட்காந்துக்கும்.

ஷெல்_வாசி: அடுத்தவன் சோர்ஸை எடுத்து பில்ட் பண்றதுக்கு ஒரு டிஸ்ட்ரோவா? ரெட் ஹேட் சோர்ஸை எடுத்து பில்ட் பண்ற ராக்கி, ஆல்மா டிஸ்ட்ரோ எல்லாம் அதே கதை தான், ரெட் ஹேட் 2023 ஜூன்ல அந்த சோர்ஸைப் பொதுவுல குடுக்காம கதவைச் சாத்தினது நியாயம்.

பழைய_பெங்குயின்: என்ன நியாயம்? சோர்ஸைப் பகிரச் சொல்ற ஜிபிஎல் லைசென்ஸ் எதுக்கு இருக்கு? ரெட் ஹேட்டோட இலவச காப்பியான சென்டோஸ் 8க்கு 2029 வரைக்கும் அப்டேட்னு நம்பி போட்டவங்களை 2021 கடைசியோட நிறுத்தினாங்களே, அந்த ஓட்டையை அடைச்சது யாரு? ராக்கியும் ஆல்மாவும் தான்.

ஷெல்_வாசி: ஆல்மா தான் அச்சு அசல் காப்பி வேணாம், ஏபிஐ (ABI, ரெட் ஹேட்டுக்கு பில்ட் பண்ண புரோகிராம் அப்படியே ஓடுற பொருத்தம்) ஒத்துப்போனா போதும்னு அடுத்த மாசமே சொல்லிட்டாங்களே.

பழைய_பெங்குயின்: அதனால தான் ரெட் ஹேட்டுக்குக் காத்திருக்காம பிழையைத் தானே சரி பண்ண முடியுது அவங்களால. மறுபடி பில்ட் பண்றதுன்னா சும்மா வேலை இல்ல, ஒரு பேக்கேஜ் பில்ட் ஆக இன்னொண்ணு முதல்ல பில்ட் ஆகணும், அந்த வரிசையைப் பிடிக்கிறதுக்கே ஆள் வேணும்.

ரவுட்டர்_ராசா: செக்சம் பாத்தீங்களா?

கணேஷ்_திருச்சி: 3.3ஏ பில்ட் ஆகி சர்வர்ல ஏறிடுச்சு, தேனி அண்ணனுக்கு நன்றி