ஐடிலிங் 1,400-க்குக் கீழே இறங்கவில்லை, ஸ்கேனரில் பிழை இல்லை: எங்கே காற்று இழுக்கிறது?

குளச்சல்காரன்:
நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 2011 மாடல். எஞ்சின் சூடான பிறகும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழ் நெரிசலில் கிளட்சை விட்டாலே வண்டி பாய்கிறது. பிரேக் மிதியும் சற்று இறுக்கம். நாகர்கோவில் பட்டறை ஒன்றில் ஸ்கேனர் போட்டுவிட்டு, பிழை எதுவும் காட்டவில்லை, ஐடிலிங்கின்போது காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் மோட்டாரை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டதும் தயங்குகிறேன். மாற்றலாமா?

வடசேரி வாசகர்:
முதலில் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தக்கலை மெக்கானிக்:
தம்பி, மோட்டார் வாங்க வேண்டாம். கரி படிந்தால் பெரும்பாலும் ஐடிலிங் குறைந்து வண்டி நின்றுபோகும், உங்களுக்கு ஏறுகிறது. மோட்டாருக்குச் செல்லும் காற்று வழியை அடைத்துப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் வேறு வழியில் காற்று நுழைகிறது.

போகிற போக்கில் எழுதிய பிரேக் வரிதான் எனக்குக் கவலை தருகிறது. எஞ்சினை அணைத்து, மிதியைப் பலமுறை அழுத்தி இறுக்குங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி தானாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையோ (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதியை இலகுவாக்கும் உறுப்பு) அதன் டியூபையோ சந்தேகப்படுங்கள். மிதிக்கு அருகே, காருக்குள்ளேயே சீறல் கேட்டால் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரை (டயாஃப்ரம்) கிழிந்திருக்கலாம். சரியாகும் வரை பேச்சிப்பாறைப் பக்கம் இறக்கங்களில் போகாதீர்கள்.

ஸ்கேனர் ஏன் பேசவில்லை? சிறிய கார்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் கிடையாது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான் உண்டு. கசிவு வழியே நுழையும் திருட்டுக் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் கணினி அதற்கேற்பப் பெட்ரோல் ஊற்றுகிறது. கலவை பெரிதாகக் கெடாது, வேகம் மட்டும் ஏறும். மீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து பெரும்பாலும் பி0171 என்ற பிழை வந்திருக்கும். பிழை எண் இல்லை என்பதால் குறை இல்லை என்று முடிவுகட்டுவது எனக்குப் பொறுக்காது.

ஐடிலிங்கில் ஓடவிட்டு, பிளையரில் துணி சுற்றி, ரப்பர் டியூப்களை ஒவ்வொன்றாக நசுக்குங்கள். பிளாஸ்டிக் குழாயைத் தொடாதீர்கள், விரிசல் விட்டுவிடும். எதை நசுக்கும்போது ஐடிலிங் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எதிலும் மாற்றம் இல்லையென்றால் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வராது, உறிஞ்சும் இடத்தில் தண்ணீர் உள்ளே போய் ஒரு கணம் ஓட்டம் மாறும். ஸ்பார்க் பிளக் பக்கம் தண்ணீர் வேண்டாம். சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

குலசேகரம் ரப்பர்:
ஒரு சேர்க்கை. நம் தோட்டங்களில் பால்வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. டியூபுக்கு நைட்ரைல் போன்ற எண்ணெய் தாங்கும் ரப்பர் வேண்டும். கைக்குக் கிடைத்த டியூபை மாட்டிவிட்டால் அது விரைவில் தொளதொளத்துக் காற்று இழுக்கும்.

குளச்சல்காரன்:
அண்ணாச்சி, மிதி மிகக் கொஞ்சமாகவே இறங்கியது. பிரேக் பூஸ்டர் டியூபை மேனிஃபோல்டு ஓரம் நசுக்கினால் ஐடிலிங் 850-க்கு வருகிறது. பூஸ்டர் ஓரம் நசுக்கினால் மாற்றமே இல்லை. கழற்றி வளைத்தபோது அடிப்பக்கம், இரும்புத் தாங்கியில் உரசிய இடத்தில், வெடிப்பு வாய் திறந்தது. கோட்டாற்றுக் கடையில் அதே தடிமனில் பெட்ரோல் டியூப் இருக்கிறது. வெட்டிப் போடலாமா?

தக்கலை மெக்கானிக்:
கூடாது. உறிஞ்சலில் அது உள்வாங்கி ஒட்டிக்கொண்டால் பிரேக்குக்கு உதவி வராது. பிரேக் பூஸ்டருக்கென்றே செய்த டியூபைக் கேட்டு வாங்குங்கள். கிளாம்பும் புதிதாகப் போடுங்கள். கடலோரத்தில் பழையது துருப்பிடித்திருக்கும். டியூபில் உள்ள ஒருவழி வால்வை வாயால் ஊதிப் பாருங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து காற்று போக வேண்டும், எஞ்சின் பக்கமிருந்து போகக்கூடாது. தாங்கியில் மறுபடி உரசாதபடி டியூபைத் திருப்பிக் கட்டுங்கள். மாட்டியதும் மிதிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். ஐடிலிங் உடனே நிதானப்படாவிட்டால் பதறாமல் சிறிது தூரம் ஓட்டுங்கள். கசிவுக்கு ஏற்பச் செய்துவைத்த பழைய திருத்தத்தைக் கணினி விடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.