ஹீமோஃபீலியாவுக்கு லெட்டூஸ் கீரை மருந்து: மேல்விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கு ஆறு வயது, பிறவியிலேயே ஹீமோஃபீலியா பி, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 9 என்ற புரதத்தின் ஊசியில்தான் ஓடுகிறது. சிலருக்கு உடலே அந்த மருந்தை எதிரியாக நினைத்து, அதை வேலை செய்யவிடாத எதிர்ப்பொருளை (இன்ஹிபிட்டர்) உண்டாக்கிவிடும், கடும் ஒவ்வாமையும் வரலாம். எங்கள் பயமெல்லாம் அதுதான்.

தேடும்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஹென்றி டேனியல் குழுவின் ஆய்வு கண்ணில் பட்டது. லெட்டூஸ் இலையின் பசுங்கணிகத்தில் ஃபேக்டர் 9 புரதத்தை விளையவைத்து, இலையை உலர்த்தி, இந்த நோயுள்ள நாய்களுக்குச் சாப்பிடக் கொடுத்திருக்கிறார்கள். செல்சுவர் இருப்பதால் வயிற்று அமிலம் புரதத்தைக் கெடுப்பதில்லை. குடலில் வெளிப்படும்போது, 'இது சாப்பாடுதானே' என்று உடல் பழகிக்கொள்கிறது. 2017 கட்டுரைப்படி நான்கில் மூன்று நாய்களுக்கு இன்ஹிபிட்டர் உண்டாவது நன்றாக அடங்கியது. உலர்த்திய இலை அறை வெப்பத்திலேயே சுமார் 2 ஆண்டுகள் கெடவில்லையாம். ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்!

ஊசிக்கு இது மாற்று இல்லை என்பது புரிகிறது. மனிதர்களிடம் சோதனை தொடங்கியதா? எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? ரத்தவியல் மருத்துவர்கள், ஆய்வு மாணவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், கடை லெட்டூஸ், கஷாயம் யோசனைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.