யூபிஐ ஐடியில் என் சொந்த நம்பர் தெரிகிறது: எப்படி நிறுத்துவது?

வணக்கம். கோத்தகிரி பக்கம் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். பணம் போடும் விருந்தினர் கைக்கு என் சொந்த நம்பர் போய்விடுகிறது. ஊர் திரும்பிய பிறகும் ராத்திரி 11 மணிக்கு வீடியோ கால் வருகிறது. வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதை விட முடியாது.

போன் ஆண்ட்ராய்டு 13, இரண்டு சிம். சிம் 1 சொந்தம், வங்கிக் கணக்கோடு இணைந்தது. சிம் 2 மே மாதம் வாங்கியது, வாட்ஸப் பிசினஸ் அதில்தான். போர்டு, கூகுள் மேப் இரண்டிலும் சிம் 2 நம்பரே இருக்கிறது.

ஓட்டை யூபிஐயில். பழைய ஐடியின் முன்பகுதியே என் பத்து இலக்க நம்பர். நம்பர் இல்லாத புது ஐடி உருவாக்கி, புது கியூஆர் அச்சடித்து, பனி ஈரத்துக்காக லேமினேட் செய்து மேசையில் வைத்தேன். ஆனால் முன்பு வந்தவர்கள் பழைய ஐடிக்கே அட்வான்ஸ் அனுப்புகிறார்கள். யூபிஐயை சிம் 2-க்கு மாற்றப் பார்த்தேன். சரிபார்ப்பு எஸ்எம்எஸ் வங்கியில் பதிவான சிம்மிலிருந்துதான் போக வேண்டும் என்பதால் நடக்கவில்லை.

ட்ரூகாலரில் கணக்கை மூடி, நம்பரையும் நீக்கியாகிவிட்டது. சொந்த வாட்ஸப்பில் படத்தை ‘என் தொடர்புகள்’ மட்டும் பார்க்கும்படி வைத்தும் பயனில்லை: இரண்டு வாட்ஸப்பும் ஒரே தொடர்புப் பட்டியலைத்தான் படிக்கின்றன, சேமித்த விருந்தினரும் அதில் அடக்கம். இப்போது யாருக்கும் தெரியாதபடி வைத்திருக்கிறேன்.

கணக்கையும் அதில் பதிவான நம்பரையும் மாற்றாமல் பழைய யூபிஐ ஐடியை மட்டும் நிறுத்த முடியுமா, இல்லை சிம் 2 நம்பரில் தனி கரண்ட் அக்கவுண்ட் தொடங்குவதுதான் வழியா?